ஓலைத் தாத்தாவின் ஊர்

ஜூன் 13, செவ்வாய்

டாக்டர் ஷமீமா எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். எந்த மூட்டு வலிக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்கினேன், எடை எவ்வளவு என்று. முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகள் எழுதியதைத் திருத்தியே பழகிய கைக்குச் சொந்தமாக எழுத வரவில்லை. இருந்தாலும் தொடங்குகிறேன்.

நோயின் பெயர் வாயில் நுழையவில்லை. விஷயம் இதுதான்: சாப்பாட்டில் இருக்கும் இரும்பை வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட என் உடம்புக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது. ஈரலில், கணையத்தில், விரல் மூட்டுகளில். மூன்று வருடமாக என் நிறம் செம்புக் குடம் போல மாறிக்கொண்டு வந்தது, திடீரென்று சர்க்கரை வந்தது, வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது, எல்லாவற்றுக்கும் காரணம் இது ஒன்றுதான். மாத்திரை கிடையாது. வாரம் ஒரு முறை ரத்தத்தை எடுத்துக் கொட்ட வேண்டுமாம்.

“உங்க குடும்பத்துல வெள்ளைக்காரங்க யாராவது இருந்தாங்களாம்மா?” என்று டாக்டர் கேட்டார். “இந்த ஜீன் நம்ம ஊர்ல ரொம்ப அபூர்வம். வட ஐரோப்பாவுலதான் அதிகம். அதுவும் அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் வியாதி.”

“ஒருத்தர் இருந்தார்” என்றேன். எங்கள் ஓலைத் தாத்தா. என் எள்ளுத்தாத்தா. பெயர் ஓலே, வீட்டில் ஓலையாகிவிட்டார். நார்வே நாட்டுக் கப்பல் கேப்டன், நாகப்பட்டினத்தில் இறங்கி ரயில்வே பட்டறையில் சேர்ந்தார், தமிழ்ப் பெண்ணைக் கட்டினார் என்பது கதை. பட்டறை பொன்மலைக்கு மாறியபோது குடும்பமும் இங்கே வந்தது. அப்பா கட்டியது சொந்த அத்தை மகளை. இரண்டு பேருக்கும் மூதாதை ஓலைத் தாத்தாதான்.

டாக்டர் ஒரு தாளில் கட்டம் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். “கூடப் பிறந்தவங்க?”

“ஒரு தம்பி. ஈரோட்டுல லோகோ ஷெட்ல இருக்கான்.”

“அவர் உடனே டெஸ்ட் பண்ணணும். நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. ஆம்பளைங்களுக்குச் சீக்கிரமே முத்திடும்.”

சரி என்றேன்.

ஜூன் 14, புதன்

முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சம்பழம் எல்லாம் வேண்டாம். இரும்புத் தோசைக்கல்லையும் எதிர் வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. புதுக் கல்லில் வார்த்த தோசையைத் தூக்கிப் பார்த்து, “இது தோசையா, தாளா?” என்றார் என் வீட்டுக்காரர். பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் இரும்போடு கிடந்தவர். “எனக்கு வர வேண்டியது உனக்கு வந்திருக்கு பாரு” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போய்க் கொல்லையில் நின்றார்.

ஜூன் 20, செவ்வாய்

முதல் முறை ரத்தம் எடுத்தார்கள். இருபது நிமிடம். பை நிறைய நிறைய எனக்கு ஒரு விநோதமான நிம்மதி. பிறகு இனிப்பில்லாத டீயும் நாலு பிஸ்கட்டும்.

தம்பிக்குச் சொல்லியாயிற்றா என்று டாக்டர் கேட்டார். சொல்கிறேன் என்றேன்.

நேசனுக்கும் எனக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. அவன் குடிப்பான். இதில் எழுத வேறு எதுவுமில்லை.

ஜூன் 22, வியாழன்

நாகப்பட்டினம் போதகருக்கு எழுதினேன். 1870களின் திருமணப் பதிவேட்டில் ஓலே என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி.

“டாக்டர் கேட்டாங்களா?” என்றார் அவர்.

“கேக்கல. தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது.”

அவர் செய்தித்தாளைத் திருப்பினார்.

ஜூன் 27, செவ்வாய்

இரண்டாவது முறை. மயக்கம் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வீட்டுக்கு வந்தால் போதகரிடமிருந்து படம் வந்திருக்கிறது! பழுப்பேறிய பக்கம், தமிழ் எழுத்து, புள்ளியே இல்லாமல். பள்ளிக்கூடத்தில் எவ்வளவோ கையெழுத்து பார்த்தவள் நான். அரை மணியில் படித்துவிட்டேன். “1877. ஓலே டோலப்சன். வயது 27. கப்பல் தச்சன். நார்வே ராச்சியம், ரம்ஸ்டால் டிஸ்திரிக்கு. கன்னிகை சலோமி, வயது 18.”

கப்பல் தச்சன்! கேப்டன் இல்லை. அவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. “அப்பவே பட்டறைக்காரன்தான். எங்க ஆளு!”

ஜூலை 1, சனி

நார்வேயில் முன்னோரைத் தேடுபவர்களுக்கென்று முகநூலில் ஒரு குழு இருக்கிறது. பெரும்பாலும் அமெரிக்காக்காரர்கள். என் ஆங்கிலத்தில் விவரம் எழுதி, பதிவேட்டுப் படத்தையும் போட்டேன். பொன்மலையிலிருந்து தேடுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூலை 2, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து பார்க்கிறேன், தமிழில் பதில்!

“அக்கா வணக்கம். அந்தப் பக்கம் தமிழில எழுதினது எண்டு கண்டதும் கை வேலையை விட்டிட்டு எழுதுறன். நான் வதனி, பருத்தித்துறை. தொண்ணூறில இஞ்ச வந்தனான். இப்ப நீங்கள் சொல்லுற ரம்ஸ்டால் பக்கம்தான், மோல்டேயில இருக்கிறன். இஞ்சத்தைய பழைய எழுத்து வாசிக்கப் பழகி வச்சிருக்கிறன். உங்கட தாத்தாவை நான் தேடித் தரட்டோ?”

மூன்று முறை படித்தேன். அவரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன். எங்கிருந்தோ இங்கே வந்தவரை, இங்கே பக்கத்திலிருந்து அங்கே போனவள் தேடித் தரப் போகிறாள்.

ஜூலை 4, செவ்வாய்

மூன்றாவது முறை. எடை 58. மதியம் முழுவதும் தூக்கம்.

ஜூலை 9, ஞாயிறு

வதனி போனில் பேசினாள். ஐம்பத்திரண்டு வயது, முதியோர் இல்லத்தில் வேலை. வந்த புதிதில் வடக்கே மீன் பண்ணையில் ஏழு வருடம் மீன் அறுத்தாளாம். அவள் பேச்சில் பாதி எனக்குப் புரிய நேரமாகிறது. என் பேச்சு அவளுக்கு சினிமா பார்க்கிற மாதிரி இருக்கிறதாம்.

அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் ஓலே டோலப்சன் என்ற பெயரில் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். வயது பொருந்துவது மூன்று பேருக்கு. ஒருவர் குழந்தையிலேயே இறந்துவிட்டார். மற்ற இருவரில் யார் என்று பார்க்க மாலுமிகளின் பேரேட்டைத் தேடப் போகிறாள்.

“ஏனம்மா எனக்காக இவ்வளவு சிரமம்?” என்று கேட்டேன்.

“என்ர பிறப்புப் பத்திரம் எரிஞ்சு போச்சு அக்கா. அரசாங்கக் கச்சேரிக் கட்டடத்தோட சேத்து. ஆரோ ஒருத்தற்ற பதிவு கிடைச்சாலும் எனக்கு அது சந்தோசம்தான்.”

ஜூலை 11, செவ்வாய்

நான்காவது முறை. ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். நர்ஸ் பெண் என்னைவிட வருத்தப்பட்டாள்.

கிடைத்துவிட்டார்! டீ குடித்துக்கொண்டிருந்தபோதே வதனி கூப்பிட்டாள். “அக்கா, ஆளைக் கண்டுபிடிச்சிட்டன்! மாலுமிப் பேரேட்டில கடைசி வரியில கிடக்கு. ‘நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு ஓடிவிட்டான், 1874.’ உலகத்தில வேற எந்த ஓலே டோலப்சன் நாகப்பட்டினத்தில ஓடப் போறான்?”

பிறகு குரலைத் தாழ்த்தினாள். “பிறப்புப் பதிவும் எடுத்திட்டன். மனசு நோகக் கூடாது. 1850 மார்ச் ஒன்பது. தாய் குன்ஹில்ட், பத்தொன்பது வயசு, பண்ணையில வேலைக்காரப் பெட்டை. கலியாணம் கட்டேல்ல. தகப்பன் டோலெஃப் எண்டு பேர் மட்டும் குடுத்திருக்கினம். ஆள் ஊரை விட்டுப் போயிட்டான்.”

நோகவில்லை என்றேன். உண்மையில் நோகவில்லை. பத்தொன்பது வயதுப் பெண், பெயர் குன்ஹில்ட், ஹாக்னெஸ் என்ற பண்ணை. இதுவரை வெறும் கதையாக இருந்தவருக்கு ஒரு அம்மா கிடைத்துவிட்டாள்.

ஜூலை 12, புதன்

இன்று முழுக்க ஈரோட்டு நம்பரைப் போனில் எடுத்து எடுத்து வைத்தேன். பிறகு அலமாரியை ஒழுங்கு செய்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

ஐந்தாவது முறை. இரும்பின் அளவு குறைய ஆரம்பித்திருக்கிறதாம். விரல் கொஞ்சம் மடங்குகிறது. என் ஈரல் தப்பித்துவிட்டது என்றார் டாக்டர். இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் சொல்வதற்கில்லையாம்.

“டாக்டர், ஒண்ணு கேக்கணும். குடிக்கவே குடிக்காத ஆளுக்கு இந்த வியாதியால ஈரல் கெட்டுப் போகுமா?”

“போகும்மா. ஸ்கேன்ல பார்த்தா குடிகாரர் ஈரல் மாதிரியேதான் இருக்கும். நிறைய பேர் பாவம், குடிக்கலைன்னு சொன்னா வீட்டுல யாரும் நம்ப மாட்டாங்க.”

எதற்குக் கேட்டேன் என்று டாக்டர் கேட்கவில்லை.

ஜூலை 19, புதன்

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும்.

2014. நேசனுக்கு அடிக்கடி களைப்பு, வயிற்று வலி. ஸ்கேன் எடுத்தான். அந்த ரிப்போர்ட்டை இங்கே வந்தபோது மேஜை மேல் வைத்திருந்தான்; நான்தான் எடுத்துப் படித்தேன். ஈரல் கெட்டிருக்கிறது, மதுப் பழக்கம் உண்டா என்று விசாரிக்கவும் என்று அதில் இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் மாலை பதினெட்டு பேர் வீட்டில் கூடியிருந்தபோது, ஜெபம் முடிந்து கேக் வெட்டும் முன்னால், எங்களோடு இருந்த அம்மா எதிரில், அவன் மனைவி லில்லி எதிரில் கேட்டேன், “எத்தனை வருஷமா குடிக்கிறே?” என்று.

“நான் தொட்டதே இல்லக்கா.” வேதாகமத்தின் மேல் கை வைத்தான்.

“குடிகாரன் சத்தியம்” என்றேன். கணக்கு டீச்சர் அல்லவா, எனக்கு விடை தெரிந்திருந்தது.

அவன் அன்றே கிளம்பிவிட்டான். ஏழு வருடம் முன்பு அம்மா இறந்தபோது வந்தான். கல்லறையில் எல்லோருக்கும் பின்னால் நின்றுவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை. ‘குடிகாரன் நேசன்’ என்று சொந்தத்தில் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பெயர் நான் வைத்தது.

ஜூலை 23, ஞாயிறு

வதனி இன்னொன்று கண்டுபிடித்திருக்கிறாள். அந்த ஊரில் ஏழைகளைப் பராமரிக்கும் குழுவின் குறிப்பேடு. 1857இல் ஏழு வயது ஓலேயின் பெயர் இருக்கிறதாம். வேலைக்காரப் பெண் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள அவள் எஜமானர்கள் விடவில்லை. அதனால் பிள்ளையை முறை வைத்து வீடு வீடாக அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒரு வாரம். மொத்தம் பதினொரு வீடு.

“முறைச்சோத்துப் பிள்ளை” என்றேன்.

“ஓம் அக்கா. ஒரு கிழமை முடிய, தன்ர துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்க வேணும். பனியிலயும்தான்.”

பிறகு அவள் கேட்டாள். “அக்கா, தம்பிக்குச் சொல்லீட்டீங்களோ? முதல் நாளே சொன்னனீங்கள், தம்பிக்கும் சோதிக்க வேணும் எண்டு.”

இன்னும் இல்லை என்றேன். ஏன் என்று கேட்டாள். கிறிஸ்துமஸ் மாலை வரை எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை யாரிடமும், அவரிடம்கூட, என் தப்பு என்று சொன்னதில்லை.

“எனக்கும் ஒரு தம்பி இருந்தவன்” என்றாள். “தொண்ணூற்றாறில சைக்கிள்ல போனவன், திரும்பி வரேல்ல. இண்டைக்கும் என்ன நடந்தது எண்டு தெரியாது. எந்த ஊர்ல எந்தப் பேரேட்டில தேடினாலும் கிடைக்க மாட்டான். உங்கட தம்பி ஈரோட்டில இருக்கிறார் அக்கா. போன் நம்பர் இருக்கு.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 24, திங்கள்

காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். லில்லிதான் எடுத்தாள்.

“யாரு?”

“நான்தான். கிருபை.”

“அவங்க படுத்திருக்காங்க அண்ணி. மூணு மாசமா வயித்துல தண்ணி கோத்துக்குது. லீவுல இருக்காங்க.” பிறகு, ஒன்பது வருடம் அடக்கி வைத்த குரலில் சொன்னாள்: “இப்பவும் குடிக்கிறாங்களான்னு கேக்கவா போன் பண்ணீங்க?”

“இல்ல லில்லி. குடிக்கலைன்னு சொல்ல.”

எப்படிச் சொல்லி முடித்தேன் என்று தெரியவில்லை. வியாதியைச் சொன்னேன், ஓலைத் தாத்தாவைச் சொன்னேன், நாலில் ஒரு பங்கைச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அது லில்லி இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.

ஜூலை 26, புதன்

காலை ரயிலில் ஈரோடு. அவரும் வந்தார். கரூர் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்தது நேசன். ஐம்பத்து மூன்று வயதில் எழுபது மாதிரி இருந்தான். என் நிறமேதான், என்னைவிட இரண்டு மடங்கு. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவனுக்கும் அதே இரண்டு விரல் மடங்காமல் நின்றது.

மன்னிப்பு என்ற வார்த்தையை ரயிலில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது “நேசா” மட்டும்தான்.

“உள்ள வாக்கா” என்றான். “வெயில்ல நிக்காத.”

ஆகஸ்ட் 5, சனி

முடிவு வந்துவிட்டது. அவனுக்கும் இரண்டு ஜீனும் இருக்கின்றன. இரும்பு என்னைவிட இரண்டரை மடங்கு. ஈரல் இறுகிப்போயிருக்கிறது, ஆனால் கைவிட்டுப் போகவில்லை. தண்ணீர் வடிய மருந்து கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் எடுக்கலாம், பல வருடம் ஓட்டலாம் என்கிறார் டாக்டர் ஷமீமா. நேசன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“நான் குடிக்கிறதில்லைன்னு ரிப்போர்ட்ல எழுதித் தருவீங்களா டாக்டர்?”

அவர் பேனாவை எடுத்து அங்கேயே எழுதிக் கொடுத்தார். நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவினேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அக்காவுக்கும் தம்பிக்கும் அடுத்தடுத்த கட்டில். என் பை சீக்கிரம் நிறைந்தது. “எல்லாத்துலயும் நீ ஃபர்ஸ்ட்டுதான்” என்றான். நர்ஸ் பெண் சிரித்தாள். நேசனும் லில்லியும் செப்டம்பர் வரை எங்கள் வீட்டில்தான். புதுக் கல் தோசையை அவன் ஒன்றும் சொல்லாமல் ஐந்து சாப்பிட்டான். அவர் என்னவோ முனகினார்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வதனி விடுமுறையில் ஹாக்னெஸுக்கே போய்விட்டாள்! வண்டியில் ஒன்றரை மணி நேரம். பண்ணை இருக்கிறது, குன்ஹில்ட் இருந்த வேலைக்காரர் குடிசையின் அடித்தளக் கல் மட்டும் கிடக்கிறது. வீடியோவில் காட்டினாள். புல், பின்னால் கடல். நேசன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

அந்த ஊர்ப் பண்ணைகளின் வரலாறு ஒரு தடித்த புத்தகமாக நூலகத்தில் இருக்கிறதாம். அதில் குன்ஹில்டுக்கு நான்கு வரி. வதனி தமிழாக்கிப் படித்தாள்: “குன்ஹில்ட் கடைசி வரை திருமணம் செய்யவில்லை. அவளுக்கு ஓலே என்ற மகன். இந்தியாவில் வாழ்ந்தான். அவன் எழுதிய கடிதங்களைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள். 1908இல் அவள் இறந்தபோது, அவள் கேட்டுக்கொண்டபடி, கடிதங்களைச் சவப்பெட்டியில் அவளோடு வைத்தார்கள்.”

“ஆள் ஓடிப் போனாலும் தாய்க்கு எழுதியிருக்கிறார் பாருங்கோ” என்றாள் வதனி.

இந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்? அவள் தம்பி பெயரைக் கேட்டேன். கோகுலரமணன். எங்கள் ஜெபத்தில் அந்தப் பெயரைச் சொல்லலாமா என்றேன். “சொல்லுங்கோ அக்கா. அவன்ர பேரைச் சத்தமாச் சொல்லி நாள் ஆகுது.”

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தேன். அந்தக் கிறிஸ்துமஸ் மாலை இருந்தவர்கள் எல்லோரையும் அழைத்தேன். மூன்று பேர் காலமாகிவிட்டார்கள். பதினொரு பேர் வந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் எழுந்தேன். “ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி இதே ஹால்ல என் தம்பியைக் குடிகாரன்னு சொன்னேன். அது பொய். அவன் வாழ்க்கையில ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல. அவன் சத்தியம் பண்ணியும் நான் நம்பல. உங்களையும் நம்ப விடல. எல்லார் முன்னாடியும் சொன்னதை எல்லார் முன்னாடியும் திரும்ப எடுத்துக்கிறேன். நேசா, என்னை மன்னிச்சிடு.”

பெரியப்பா மகன் தலை குனிந்தார். லில்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோகுலரமணனுக்காகவும் ஜெபித்தோம்.

எல்லோரும் போன பிறகு, நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நேசன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

“எனக்கு ஒரே வருத்தம்டா” என்றேன். “அம்மா நீ குடிக்கிறேன்னு நினைச்சுக்கிட்டே போய்ட்டாங்க. அதை மட்டும் என்னால மாத்த முடியாது.”

அவன் என்னைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“அம்மா என்னை நம்புனாங்கக்கா.”

“என்ன?”

“ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் சர்ச்சுக்குக் கெளம்புனதும் எனக்கு போன் போடுவாங்க. முட்டி வலின்னு சொல்லிட்டு வீட்டுலயே இருந்துருவாங்கல்ல? ஒரு வாரம்கூட விட்டதில்ல. ‘நீ தொடலைன்னு எனக்குத் தெரியும்டா, கிருபைக்கிட்ட சொல்லிராத, நான் அவ பேச்சை நம்பலைன்னு தெரிஞ்சா அவ மனசு ஒடிஞ்சுரும்’னுவாங்க.”

தட்டைக் கீழே வைத்தேன்.

அம்மாவின் முட்டிக்காக நான் வாங்காத தைலம் இல்லை. ஆலயத்துக்கு வராமல் போகிறாளே என்று எத்தனை ஞாயிறு கடிந்துகொண்டிருக்கிறேன். இரண்டு வருடம் அவள் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். அந்தப் பொய்யால் என் தம்பி தனியாக இல்லாமல் இருந்தான்.

நேசன் மீதித் தட்டுகளை எடுத்து அடுக்கினான். இருவரும் சேர்ந்து கழுவி வைத்தோம்.

அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.